ஒரே உறையில் புளூடூத்தும் ரேடியோவும்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் ரேடியோக்காரி. முகத்துக்கு நேரே சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? அவளை வேலைக்கு எடுத்ததே ரேடியோவுக்காகத்தான். மலிவு விலையில் கைப்பேசி செய்யும் சின்ன நிறுவனம் அது. மூன்றாவது மாடி, நாலு அறை, மூடினாலும் சொட்டுகிற ஒரு தண்ணீர்க் குழாய். அந்தக் கைப்பேசியில் எஃப்.எம். ரேடியோவைப் பாட வைப்பது அவள் பொறுப்பு. ரேடியோ ஒழுங்காகப் பாடினால் அடுத்த மாடலுக்கும் அவளை வைத்துக்கொள்வார்கள். ரேடியோவே வேண்டாம் என்று ஆகிவிட்டால் அவளும் வேண்டாம். ஒப்பந்தத்தில் கறுப்பு மையில் அப்படித்தான் இருந்தது.

நாற்பத்திரண்டு வயதில் இந்த வேலைக்கு வந்தவள். அதற்கு முன் பதினாறு வருஷம் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையொன்றில், ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தே கிடந்தாள். நிரல் எழுத யாரும் சொல்லித்தரவில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம் என்று உலகத்துக்கே திறந்து வைத்திருக்கிறார்களே, அந்தத் திறந்த மூல மென்பொருளைக் கடை ஈ ஓட்டும் மத்தியான நேரங்களில் கதைப் புத்தகம் மாதிரி படித்தாள். அவள் அனுப்பிய முதல் திருத்தம் ஓர் எழுத்துப்பிழை. அதைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று தெரிந்த அன்று கடையில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். எதற்கு டீ என்று கேட்டவர்களுக்கு விளக்கப் பார்த்தாள். டீ ஆறியதுதான் மிச்சம்.

ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். இந்தக் கைப்பேசிக்கான சிப்பைச் செய்தவர்கள் அந்தப் பழமொழியைக் கேள்விப்படவில்லை போலிருக்கிறது. சுண்டுவிரல் நகத்தளவு கறுப்புச் சதுரம், அதற்குள்ளேயே புளூடூத்தும் எஃப்.எம். ரேடியோவும். இரண்டுக்கும் கரண்ட் ஒன்று. கைப்பேசியின் மூளையோடு பேசுகிற பாதையும் ஒன்று. இடமும் மிச்சம், செலவும் மிச்சம். ஆனால் மேலே ஓடுகிற மென்பொருள் அப்படியா? புளூடூத் பகுதியை எழுதியவர்கள் ரேடியோ என்று ஒன்று பக்கத்தில் குடியிருப்பதை நினைத்தே பார்க்கவில்லை. ரேடியோவை எழுதியவர்களும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இரு தரப்பும் வீடு முழுக்கத் தங்களுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டுக்குடித்தனத்தை நடத்தி வைக்க அவளுக்கு ஐந்து மாதம் ஆனது.

நடத்தியும் வைத்துவிட்டாள். ரேடியோ பாடியது. நாற்பது கைப்பேசிகளை வெளியாட்கள் நாற்பது பேருக்குக் கொடுத்து, பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார்கள். அங்கேதான் வந்தது வினை. ரேடியோ தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கிறது, திடீரென்று நின்றுவிடுகிறது என்று பதினொரு பேர் எழுதினார்கள். எப்போது நிற்கிறது, என்ன செய்தபோது நின்றது என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவள் மேசையில் மட்டும் அந்த ரேடியோ நாள் முழுக்க மூச்சு விடாமல் பாடியது.

மேலாளருக்கு அலுவலகத்தில் கத்தரி என்று பெயர். கெட்ட மனிதர் இல்லை. கைப்பேசியில் எது தகராறு செய்தாலும் அதை வெட்டி எறிந்துவிட்டு மற்றதைக் காப்பாற்றுவார், அவ்வளவுதான். திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டார்.

“வெள்ளிக்கிழமை மூணு மணிக்குக் கூட்டம் மேடம். அதுக்குள்ள சரியாகலைன்னா ரேடியோவைத் தூக்கிடுறேன்.”

“மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டையே கொளுத்துறீங்க சார்.”

“வீட்டை எங்க கொளுத்துறேன்? ஒரு ரூமைப் பூட்டுறேன்.” பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், “இன்னொண்ணு. திருத்தத்தை நாமளே தனியா வச்சுக்கிட்டு வருஷக்கணக்கா சுமக்க முடியாது. பொது மென்பொருள்ல அவங்க சேர்த்துக்கணும். சேர்த்துக்கிட்டாங்கன்னா ரேடியோ இருக்கும்” என்றார்.

அந்த ரூமில்தான் சார் நான் குடியிருக்கேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

நாற்பது கைப்பேசிகளில் ஒன்று அவள் கணவரிடம் இருந்தது. மூன்றாவது தெருவில் பேக்கரி வைத்திருப்பவர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், ஆனால் மாவைத் தொட்டுப் பார்த்தே இன்னும் எத்தனை நிமிஷத்தில் உப்பும் என்று சொல்லிவிடுவார். நல்ல மனிதர். ஒரே ஒரு நோய் உண்டு: எதுவும் சும்மா எரியக் கூடாது. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவருக்கு நெஞ்சு எரியும். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் விளக்கை, ஃபேனை, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் உட்காருவார். “கட்டிக்கிட்ட நாள்லேருந்து எதையாவது அணைச்சுக்கிட்டேதான் இருக்கார், என்னை ஒருத்தியைத் தவிர” என்று அவள் தன் தங்கையிடம் சொல்லிச் சிரிப்பாள். தங்கை அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ரேடியோவுக்கு ஹெட்போன் ஒயர்தான் ஏரியல். அதைச் செருகினால்தான் நிலையம் எடுக்கும். அவர் அந்த ஒயரைப் பேக்கரிச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டியிருந்தார். காதில் வைக்கும் இரண்டு குமிழும் அடிக்கடி மாவில் விழுந்ததால் அவற்றைக் கத்தியால் நறுக்கி எறிந்துவிட்டு வெறும் ஒயரை மட்டும் தொங்கவிட்டு, பாட்டைக் கைப்பேசியின் ஸ்பீக்கரில் கேட்டார். ஃபோன் பேச மட்டும் காதில் ஒரு புளூடூத். தினமும் சாயங்காலம் அவள் கேட்பாள்.

“எப்படிங்க பாடுது?”

“அருமையா பாடுது. நிக்காம பாடுது.”

அந்தப் பதிலை நம்பித்தான் அவள் மூன்று வாரத்தைத் தொலைத்திருந்தாள். தன் வீட்டில் நிற்காத ரேடியோ மற்ற வீடுகளில் நிற்கிறது என்றால் கோளாறு அந்தந்தப் பகுதியின் அலைவரிசையில் இருக்கலாம், ஒயரில் இருக்கலாம் என்று எங்கெங்கோ தேடினாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மண்டை காய்ந்துபோய், கொஞ்சம் காற்றாட நடந்தவள் பேக்கரிப் பக்கம் போனாள். வாசலிலேயே பாட்டுக் கேட்டது. நல்ல பாட்டு, படுமோசமான குரல். உள்ளே எட்டிப் பார்த்தால், அவர் மாவு பிசையும் இயந்திரத்தின் முன் நின்று தானே பாடிக்கொண்டிருக்கிறார். அலமாரியில் கைப்பேசி ஊமையாக இருக்கிறது.

“ரேடியோ எங்க?”

“இப்பதான்... நான்தான் நிறுத்தினேன். தலை வலிச்சுது.”

பன் வாங்க வந்திருந்த டீச்சரம்மா விஷயம் தெரியாமல் உண்மையைப் போட்டு உடைத்தார். “அது நிக்கிறதும் இவர் தட்டுறதும் மூணு வாரமா தினம் நடக்குதே. நின்ன உடனே இவர் பாட ஆரம்பிச்சிடுவார். அதுக்குப் பயந்துதான் நான் சீக்கிரமா வாங்கிட்டுப் போறேன்.”

கையும் களவுமாக மாட்டிக்கொண்டவர் மாவுக் கையைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். டீச்சரம்மா பன்னை வாங்கிக்கொண்டு போகும்வரை அவளும் வாயைத் திறக்கவில்லை. பிறகு திறந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக மூன்று வாரம் மறைத்திருக்கிறாரே என்று பொரிந்து தள்ளினாள். நாற்பது பேரில் பொய் சொன்ன ஒரே ஆள் தன் வீட்டிலேயே இருக்க வேண்டுமா என்று கேட்டாள்.

“நான்தான் கெடுத்துட்டேன்னு நெனச்சேன்” என்றார் அவர். “மாவுக் கை. ஒயரை வேற நறுக்கிட்டேன். அஞ்சு மாசமா சோறு தண்ணி பாக்காம நீ செஞ்சது... சாயங்காலம் நீ வந்து கேக்கும்போது உன் மூஞ்சியைப் பாத்துட்டு எப்படிச் சொல்றது, நின்னுபோச்சுன்னு?”

அவளுக்குக் கோபம் பாதியில் அறுந்துவிட்டது. அவருக்கு எதிரே மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

“சரி, இப்ப உண்மையைச் சொல்லுங்க. நிக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணினீங்க?”

“ஒண்ணும் பண்ணல. முட்டைக்காரர் கூப்பிட்டார், பேசினேன். வச்சேன். புளூடூத்தை அணைச்சேன்.”

“எதுக்கு அணைச்சீங்க?”

“பேசித்தான் முடிச்சாச்சே. அது பாட்டுக்குச் சும்மா எரிஞ்சுக்கிட்டு இருக்கணுமா?”

அவள் எழுந்து நின்றாள். அலுவலகத்தில் புளூடூத்தை அணைக்கிறவர் ஒருவர்கூடக் கிடையாது. காலையில் காதில் மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவார்கள், கழற்றினாலும் அணைக்க மாட்டார்கள். சோதனை செய்பவர்களோ புளூடூத்தைத் தனியாகவும் ரேடியோவைத் தனியாகவும்தான் சோதித்தார்கள். ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்போது புளூடூத்தை அணைத்துப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. அதைச் செய்ய சும்மா எரிந்தால் நெஞ்சு எரிகிற ஒரு ஆள் வேண்டும்.

அவளே கைப்பேசியை எடுத்தாள். ரேடியோவைப் போட்டாள், புளூடூத்தைப் போட்டாள், அணைத்தாள். ரேடியோ செத்தது. மறுபடி செய்தாள். மறுபடியும் செத்தது. அவள் சிரித்த சிரிப்பில் தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

விஷயம் இவ்வளவுதான். ஒரு வீட்டில் இரண்டு பேர் இருந்தால் கடைசியாக வெளியே போகிறவர்தான் மெயினை அணைக்க வேண்டும். இங்கே புளூடூத் தான் கிளம்பும்போதே மெயினை அணைத்துவிட்டுப் போகிறது. உள்ளே ரேடியோ உட்கார்ந்து பாடிக்கொண்டிருப்பதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அன்று சாயங்காலத்துக்குள் முப்பது வரி எழுதினாள். சிப்புக்கு வாசலில் ஒரு கணக்குப்பிள்ளை: யார் உள்ளே வந்தாலும் ஒன்றைக் கூட்டுவார், யார் வெளியே போனாலும் ஒன்றைக் கழிப்பார், பூஜ்யம் ஆனால்தான் கரண்டை நிறுத்துவார். புதன்கிழமை விடிந்ததும் திருத்தத்தைப் பொது மென்பொருளுக்கு அனுப்பிவைத்தாள்.

அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்பவரை அவள் கண்டதில்லை. எந்த நாடு, என்ன வயது, ஒன்றும் தெரியாது. அவளாகக் காவல்காரர் என்று பெயர் வைத்திருந்தாள். அவரைத் தாண்டித்தான் எந்தத் திருத்தமும் உள்ளே போக முடியும். வார்த்தைக்கு வரி கட்டுகிறவர் மாதிரி எழுதுவார். அன்றைக்கும் ஒரே வரிதான் வந்தது: யார் சோதித்தது?

அங்கே வழக்கம் அப்படி. ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் எழுதியவர் இன்னார், சோதித்தவர் இன்னார் என்று நிஜப் பெயரோடு இரண்டு வரி இருக்கும். எழுதியவரே சோதித்ததாகப் போட்டால் செல்லாது. அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தாள். சோதனை செய்பவர்கள் உட்பட எல்லோரும் கேமரா வேலையில் மூழ்கியிருந்தார்கள். மிஞ்சியது ஒரே ஆள்.

“என் பேரையா போடப் போற?” என்றார் பேக்கரிக்காரர். “மூணு வாரம் பொய் சொன்னவன் பேரையா?”

“பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காதும்பாங்க. நீங்க சமைக்கிற ஆளா இருக்கப் போய்த் தப்பிச்சீங்க. ஆனா இந்த ஒரு வரியில மட்டும் என் மூஞ்சியைப் பாக்காதீங்க. போனை மட்டும் பாருங்க. நின்னா நின்னுச்சு, நிக்கலைன்னா நிக்கல.”

புதிய மென்பொருளோடு கைப்பேசி பேக்கரிக்குப் போனது. மாவு வந்த அட்டைப்பெட்டி ஒன்றின் மூடியைக் கிழித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை புளூடூத்தை அணைத்தபோதும் அவர் ஒரு கோடு கிழித்தார். தட்டு அடுப்புக்குள் போகும்போது ஒன்று, வெளியே வரும்போது ஒன்று, ரொட்டி ஆறும் நேரத்தில் பத்து. ரேடியோ ஓயாமல் பாடியதில் டீச்சரம்மாவுக்கு ஏக சந்தோஷம். மூன்று பன் கூடுதலாக வாங்கிப் போனார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து கை கழுவினார். வழக்கத்தைவிட நேரமெடுத்துக் கழுவினார். அவள் டீயை மேசையில் வைத்துவிட்டு அட்டையைக் கையில் எடுத்தாள். ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள். கடைசியில் ஒரு கோட்டைச் சுற்றி வட்டம்.

“இது என்ன வட்டம்?”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, பார்க்கக் கூடாது என்று நினைவு வந்தது போல் அட்டையைப் பார்த்தார்.

“நின்னுச்சு. இருநூத்திப் பன்னெண்டு தடவை நிக்கல. ஒரு தடவை நின்னுச்சு.”

மறுநாள் மூன்று மணிக்குக் கூட்டம். மூன்று வாரம் வாய் கூசாமல் சொன்ன பொய்யை இன்றைக்கு ஒரு தடவை சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தாள். நினைத்துவிட்டு உடனே வெட்கப்பட்டாள். அவர் முகம் ஏற்கெனவே சுண்டைக்காயாய்ச் சுருங்கியிருந்தது.

“சொல்லாம விட்டிருக்கணுமோ?”

“இல்லைங்க. சொன்னதுதான் சரி.” அட்டையை மேசையில் வைத்தாள். “அப்போ என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?”

“ரேடியோ நிறுத்தி வச்சிருந்தேன். ஃபோன் பேசி முடிச்ச நேரம் அடுப்பு மணி அடிச்சுது. அவசரத்துல ரேடியோவைப் போட்டேன், புளூடூத்தை அணைச்சேன்.”

“எதை முதல்ல?”

“ரெண்டையும்.”

“ரெண்டையும்னா?”

“ரெண்டையும்னா ரெண்டையும்தான்!” கைப்பேசியை மேசையில் வைத்துக் காட்டினார். திரையில் புளூடூத்துக்கும் ரேடியோவுக்கும் பக்கத்துப் பக்கத்தில் பொத்தான்கள். இடது கட்டைவிரல் ஒன்றின் மேல், வலது கட்டைவிரல் மற்றதன் மேல், ஒரே அமுக்கு. இருபத்தைந்து வருஷமாக இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் இரண்டு பன் உருட்டுகிறவர். ஒன்றுக்குப் பிறகு ஒன்று என்பது அந்தக் கைகளுக்குத் தெரியாது. அலுவலகத்தில் எல்லோரும் ஒரு கையில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டுகிறவர்கள். அவர்கள் ஏழு ஜென்மம் தட்டினாலும் இது வராது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கடைசி ஆள் போயாயிற்று, உள்ளே பூஜ்யம் என்று கணக்குப்பிள்ளை எண்ணி முடித்துக் கரண்டை நிறுத்தக் கை நீட்டுகிறார். அந்த இமைப்பொழுதில் ரேடியோ உள்ளே நுழைந்துவிடுகிறது. அவர் திரும்பி எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணுவதும் நிறுத்துவதும் முடியும்வரை யாரும் உள்ளே வரக் கூடாது என்று கதவைத் தாழ் போட்டுவிட்டால் தீர்ந்தது. அவள் டீயை மறந்துவிட்டுக் காகிதம் தேடினாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் நாலே வரி சேர்த்து, கைப்பேசியைப் பேக்கரியில் கொடுத்துவிட்டு அலுவலகம் போனாள். அங்கே உட்கார்ந்து வேறென்ன செய்ய? பேனாவைக் கழற்றினாள், மாட்டினாள். இரண்டு மணிக்கு அவரே கடை ஃபோனிலிருந்து கூப்பிட்டார்.

“முந்நூறு தடவை. ரெண்டு கையாலயும். கட்டைவிரல் வீங்கிப்போச்சு. ஒரு தடவைகூட நிக்கல.”

“உண்மையாவா?”

மறுமுனையில் ரேடியோப் பாட்டு ஒரு நொடி உரக்கக் கேட்டது; ஃபோனை அதன் பக்கம் நீட்டியிருக்கிறார்.

“நேத்து நின்னுச்சுன்னு சொன்னேன்ல? அப்ப இன்னைக்கு நிக்கலைன்னு சொன்னா நம்பு.”

அவள் நம்பினாள். சோதித்தவர் என்ற இடத்தில் அவர் பெயரை முழுதாக, தலைப்பெழுத்தோடு எழுதினாள். எத்தனை தடவை, எப்படிச் சோதித்தார், எந்த ஒரு தடவை நின்றது, ஏன் நின்றது, எதையும் மறைக்காமல் எழுதி அனுப்பினாள்.

மூன்று மணிக் கூட்டத்தில் கத்தரி அந்தக் குறிப்பை இரண்டு முறை படித்தார். “இந்த டெஸ்டர் எந்தக் கம்பெனி மேடம்? இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதிப் பாத்ததில்லையே.”

“மூணாவது தெரு பேக்கரி, சார்.”

அவர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்துப் பட்டியலில் ரேடியோ என்ற சொல்லின் பக்கத்தில் வைத்தார். “எல்லாம் சரி. அவங்க சேர்த்துக்கலையே. நான் என்ன பண்ணட்டும்?”

“நாலு மணி வரைக்கும் பொறுங்க சார். நாலு மணிக்கு நீங்க அடிச்சா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

பேட்டரி பற்றிப் பேசினார்கள், அட்டைப்பெட்டியின் நிறம் பற்றிப் பேசினார்கள். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. இனி இந்த வயதில் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள் என்ற ஒரே எண்ணம்தான். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கணினியில் ஒரு கடிதம் வந்து விழுந்தது. காவல்காரர், அவர் வழக்கத்துக்கு மாறாக, நாலு வரி எழுதியிருந்தார்.

“சேர்த்துக்கொண்டேன். நன்றாக ஓடியது என்று எழுதுகிறவர்கள் ஏராளம். நின்றதையும் எழுதுகிறவர்கள் அபூர்வம். இந்தச் சோதனையாளரை விட்டுவிடாதீர்கள்.”

கத்தரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். “ரேடியோ இருக்கட்டும். அடுத்த மாடலுக்கும் நீங்களே பாத்துக்கங்க மேடம்” என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். படிக்கட்டில் இறங்கும்போது அழுதாள், யாரும் பார்க்கவில்லை.

பேக்கரியில் கூட்டம் குறையும்வரை காத்திருந்து கடிதத்தை அவருக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினாள். அவள் கைப்பேசித் திரையில், கடிதத்துக்கு அடியில் பெயர்களோடு அந்தத் திருத்தமும் இருந்தது. அவர் தன் பெயரை அங்கே விரலால் தொட்டுப் பார்த்தார். திரை முழுக்க மாவாயிற்று.

“இது இங்கேயே இருக்குமா?”

“இருக்கும். யாராலும் அழிக்க முடியாது. மேல என் பேரு, கீழ உங்க பேரு.”

மூக்கை உறிஞ்சினார். மாவு ஏறிவிட்டது என்றார்.

“என்னை விட்டுடாதீங்கன்னா எழுதியிருக்கார்?”

“ஆமா.”

“நீ என்ன பதில் போட்ட?”

“யோசிச்சுச் சொல்றேன்னு போட்டிருக்கேன்.”